பம்பர்: செய்வதா, வாங்குவதா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போட்டதும் பலரும் "இளைஞர் சக்தி", "நாளைய இந்தியா" என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். நான் எழுதப் போவது ஒரு பம்பரைப் பற்றி. சிரிக்காதீர்கள். மூன்று வருட டிப்ளமோவில் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது அந்தப் பம்பர்தான்.

நம் மெக்கானிக்கல் பையன்கள் நான்கு பேர் டீக்கடையில் கூடினால் ஜீப் பேச்சு வராமல் போகாது. காடு மேடு ஓட்டுகிற வண்டிக்கு முன்னால் கனமான பம்பர் வேண்டும். அதைப் பட்டறையில் நாமே செய்வதா, ரெடிமேடாக 'கிட்' வாங்கி போல்ட் போட்டு மாட்டுவதா? இதில் இரண்டு கட்சி. "நம்ம கையால செஞ்சாத்தான்டா கெத்து" என்பது ஒரு கட்சி. "கம்பெனிக்காரன் டெஸ்ட் பண்ணித்தான் விப்பான், வாங்கி மாட்டுறா" என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சியில் தீவிரத் தொண்டன். இப்போது எந்தக் கட்சியில் இருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் மாமா ஊர் தேவகோட்டைப் பக்கம். வயல் வேலைக்கு ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறார். இரண்டாம் ஆண்டு லீவில் அதற்கு நான் ஒரு பம்பர் செய்தேன். ஒன்றரை அங்குலப் பைப்பு, ஆறு மில்லி பிளேட்டு, நடுவில் இழுப்பதற்கு ஒரு ஹூக். ஊர் வெல்டிங் பட்டறை அண்ணனிடம் மிஷினை மட்டும் வாங்கிக்கொண்டு, ராடு பிடித்தது முழுக்க நான்தான். வெல்டிங் வரி மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக விழுந்திருந்தது. கறுப்புப் பெயிண்ட் அடித்து மாட்டியதும் மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்ள, படிச்ச படிப்பு வீண் போகல!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி மழையில் கம்மாய்க்கரை ஓரம் ஜீப் சேற்றில் இறங்கிவிட்டது. பக்கத்து வயல் டிராக்டரைக் கூப்பிட்டு, என் ஹூக்கில் சங்கிலியை மாட்டினோம். முதல் இழுப்பில் வரவில்லை. டிராக்டர் ஓட்டிய அண்ணன் கொஞ்சம் பின்னால் வந்து, சங்கிலியைத் தொய்யவிட்டு, வெடுக்கென்று இழுத்தார். 'டப்' என்று ஒரு சத்தம். ஹூக், பிளேட்டோடு பிய்த்துக்கொண்டு சங்கிலியுடன் பறந்தது. டிராக்டர் மட்கார்டில் அடித்து ஒரு குழி விழுந்தது. அந்தக் குழிக்கும் அந்த அண்ணனின் முதுகுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அவருடைய இரண்டு பிள்ளைகளும் கரையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் இறங்கி வந்தார், பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை. "தம்பி, இதெல்லாம் உங்க படிப்புல சொல்லித் தர மாட்டாகளா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

உடைந்த பிளேட்டை ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்தேன். வெல்டிங் பிரிந்த முகத்தைக் கிளீன் பண்ணிப் பார்த்தால் பாதி இடம்தான் பளபளவென்று உலோகம் கிழிந்த அடையாளம். மீதிப் பாதி கறுப்பு. அங்கே ஸ்லாக் உள்ளேயே தங்கியிருக்கிறது; அடி உலோகம் உருகவே இல்லை. மேலே மீன் செதில், உள்ளே ஓட்டை! கனமான பிளேட்டுக்குக் கரண்ட் குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறேன். விளிம்பைச் சாய்வாகத் தேய்க்கவில்லை. துருவைச் சரியாகச் சுரண்டவில்லை. எல்லாமே முதலாம் ஆண்டு வொர்க்ஷாப்பில் சார் சொன்னவைதான்.

பிறகுதான் கணக்குப் போட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டியது! 6 மில்லி ஃபில்லெட் வெல்டு, நீளம் 100 மில்லி. தொண்டைக் கனம் 0.7 × 6 = 4.2 மில்லி. பரப்பு 420 சதுர மில்லி. ஒரு சதுர மில்லிக்குச் சுமார் 100 நியூட்டன் என்று வைத்தால் 42 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 4.2 டன். வெல்டிங் முழுசாகப் பிடித்திருந்தால்தான் இந்தக் கணக்கு. பாதி பிடித்திருந்தால் பாதி. அதிலும் சங்கிலியைத் தொய்யவிட்டு வெடுக்கென்று இழுத்தால் விசை பல மடங்காகும் என்பது அப்ளைடு மெக்கானிக்ஸ் படித்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பரீட்சைக்குத் தெரியும், கம்மாய்க்கரையில் தெரியவில்லை.

"அதான்டா சொன்னோம், கிட் வாங்கியிருக்கலாம்ல?" என்று இரண்டாம் கட்சி உடனே கொடி பிடித்தது. அந்தக் கதையையும் கேளுங்கள்.

வகுப்புத் தோழன் ஒருவனின் அண்ணன் தன் வண்டிக்கு ஆன்லைனில் ஒரு பம்பர் கிட் வாங்கினார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அட்டைப்பெட்டியைப் பிரித்து மாட்டப் போனோம். போல்ட் ஓட்டைகள் சேஸிஸ் ஓட்டைகளோடு எட்டு மில்லி தள்ளி நின்றன. கடைசியில் கேஸ் கட்டரால் ஓட்டையை நீளவாக்கில் வெட்டித்தான் மாட்ட முடிந்தது. எந்தத் தரத்து இரும்பு? எழுதவில்லை. ஹூக் எத்தனை டன் தாங்கும்? எழுதவில்லை. பெட்டிமேல் பெரிய எழுத்தில் 'ஹெவி டியூட்டி' என்று மட்டும் போட்டிருந்தது. வெல்டிங்கைப் பார்க்கலாம் என்றால் பவுடர் கோட்டிங் மூடிக்கிடந்தது. என் வெல்டிங்கின் யோக்கியதை பெயிண்டுக்குள் இருந்தது. அவர்கள் வெல்டிங்கின் யோக்கியதை பவுடர் கோட்டிங்குக்குள் இருந்தது. வித்தியாசம் விலையில்தான்!

ஆக, செய்ததும் சரியில்லை, வாங்கியதும் சரியில்லை. அப்போதுதான் இன்னும் அடிப்படையான கேள்வி வந்தது. பம்பர் எதற்காக இருக்கிறது?

"மோதினால் வண்டிக்கு அடிபடாமல் இருக்க" என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். கணக்கைப் பாருங்கள். 1500 கிலோ வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அசையாத சுவரில் மோதுகிறது. வேகம் விநாடிக்கு 11.1 மீட்டர். இயக்க ஆற்றல் சுமார் 92,600 ஜூல். வண்டியின் முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நின்றால் சராசரி விசை சுமார் 185 கிலோ நியூட்டன், அதாவது 19 டன். உள்ளே இருப்பவருக்குப் புவியீர்ப்பைப் போல 12 மடங்குக்கு மேல் உலுக்கல். அதே வண்டி, நசுங்காத இரும்பை முன்னால் கட்டிக்கொண்டு பத்தே சென்டிமீட்டரில் நின்றால்? விசை 94 டன்! உலுக்கல் 63 மடங்கு! வண்டிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம்; ஓட்டினவர் இருக்க மாட்டார். நசுங்க வேண்டியது நசுங்கினால்தான் மனுஷன் பிழைப்பான்.

இது உள்ளே இருப்பவரின் கதை. வெளியே? நம் காரைக்குடி ரோடுகளில் சைக்கிளில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளையும், சந்தைக்கூடையோடு நடக்கும் ஆச்சியும் இரும்புப் பைப்பில் மோதினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டுமா? கங்காரு குறுக்கே பாயும் ஆஸ்திரேலியப் பொட்டல்வெளியில் பிறந்தது இந்தப் புல் பார். ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே இதற்கென்று தனி உத்தரவு போட்டு, நடந்து போகிறவருக்கு ஆபத்து குறைவு என்று சோதனையில் தேறினால்தான் மாட்டலாம் என்றது.

நம் நாட்டுச் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கிராஷ் கார்டு, புல் பார் மாட்டுவது இந்தப் பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் ஒரு வழக்கில் சொன்னது. அதே 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. இன்றைய கார்களில் ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பதை முன்பக்கம் நசுங்குகிற விதத்தை வைத்துத்தான் சென்சார் முடிவு செய்கிறது. முன்னால் இரும்பு வேலி கட்டினால் அந்தக் கணக்கே தப்பிப்போகும்.

எடையையும் பாருங்கள். என் பம்பரில் ஆறு மீட்டர் பைப்பு 21 கிலோ, அரைச் சதுர மீட்டர் பிளேட்டு 24 கிலோ, மொத்தம் 45. முன் அச்சுக்கு 70 சென்டிமீட்டர் முன்னால் அது தொங்குகிறது. இரண்டு அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர் என்றால் முன் அச்சில் 58 கிலோ கூடுகிறது, பின் அச்சில் 13 கிலோ குறைகிறது. நெம்புகோல் தத்துவம்தான்! ஸ்டீயரிங், ஸ்பிரிங், பிரேக் எல்லாவற்றையும் அது தொடுகிறது.

நான் மாமா ஜீப்பிலிருந்து பம்பரைக் கழற்றிவிட்டேன். பழைய ஒரிஜினல் பம்பரைத் தொழுவத்திலிருந்து எடுத்துத் தேய்த்து மாட்டினோம். மாமாவுக்கு வருத்தம்தான். "வண்டி மொட்டையா இருக்கு மாப்ள" என்றார். அந்தப் பறந்த பிளேட்டை நினைவுபடுத்தியதும் பேசாமல் இருந்துவிட்டார். ஆகவே, ரோட்டில் ஓடும் பதிவு எண் போட்ட வண்டிக்கு என் பதில்: செய்யவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். வண்டியோடு வந்தது போதும்.

அப்படியானால் நம் கைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது! பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு ஆள் உட்காரும் காட்டு வண்டியைத் தாங்களே வடிவமைத்து, செய்து, போட்டியில் ஓட்டுகிறார்கள். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய 'பாஹா எஸ்ஏஇ' போட்டி அது. இந்தியாவில் 2007-இல் மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் தொடங்கியது. ரோட்டுக்கு வராத வண்டி, மூடிய களத்தில் ஓடுகிற வண்டி. அதில் பம்பரிலிருந்து ஓட்டுநரைக் காக்கும் கூண்டு வரை நம்மைப் போன்ற பையன்களும் பெண்களும்தான் வெல்டிங் பண்ணுகிறார்கள். விதிநூல் என்ன சொல்கிறது தெரியுமா? முக்கியமான பைப்பு வெளிவிட்டம் 25 மில்லி, கனம் 3 மில்லி, கார்பன் குறைந்தது 0.18 சதவீதம், வேறு அளவு போட்டால் அதற்குச் சமமான பலத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. கூண்டுக்கு வெல்டிங் பண்ணுகிறவர், அதே பைப்பில் இரண்டு மாதிரித் துண்டுகள் செய்ய வேண்டும். ஒன்றை உடையும்வரை சோதிக்க வேண்டும். உடைந்தால் பைப்புதான் உடைய வேண்டும், வெல்டிங் விடக் கூடாது. இன்னொன்றை நீளவாக்கில் அறுத்து, உள்ளே உருகிப் பிடித்திருக்கிறதா என்று காட்ட வேண்டும்.

இந்த ஒரு விதியை நான் தெரிந்து வைத்திருந்தால் அன்று கம்மாய்க்கரையில் அந்த அண்ணன் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டேன். இரண்டு துண்டு இரும்பு, ஒரு ஹேக்ஸா பிளேடு, அரை மணி நேரம். அவ்வளவுதான் செலவு!

செய்வதா வாங்குவதா என்பதற்கு நம் செட்டிநாட்டு வீடுகளே பதில் வைத்திருக்கின்றன. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். தூண் பர்மாத் தேக்கு, கப்பலில் வந்தது. சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. ஆனால் தரையில் கிடக்கும் பூக்கல் பக்கத்து ஆத்தங்குடியில் செய்தது. கண்ணாடிப் பலகையில் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பது. சூளையே கிடையாது. நம் ஊரில் விளையாத தேக்கை வாங்கினார்கள்; நம் கைக்கு வரும் கல்லைச் செய்தார்கள். எதை வாங்குவது, எதைச் செய்வது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களின் ஊர் இது.

நாமும் அப்படியே பிரிப்போம். போல்ட்டை வாங்குங்கள், தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். முதல் எட்டு, இழுவிசை வலிமை ஒரு சதுர மில்லிக்கு 800 நியூட்டன் என்கிறது. புள்ளிக்குப் பின்னுள்ள எட்டு, அதில் 80 சதவீதத்தில் நெகிழத் தொடங்கும் என்கிறது. ஒரு போல்ட் தலையில் இவ்வளவு தகவல் இருக்கும்போது இருபது ரூபாய் மிச்சம் பிடிக்க மொட்டைப் போல்ட் போடலாமா? இழுக்கும் ஷேக்கிளை வாங்குங்கள்; எத்தனை டன் என்று அதன் மேலேயே பொறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். இரும்பைச் சோதனைச் சான்றிதழோடு வாங்குங்கள். மற்றதை, அதாவது பிராக்கெட்டை, பிரேமை, ஜிக்கை நீங்களே செய்யுங்கள். ஜி.ஐ. பைப்பை மட்டும் அப்படியே வெல்டிங் பண்ணாதீர்கள். அந்த வெள்ளைப் புகை துத்தநாகம், ராத்திரி குளிர்காய்ச்சலில் போட்டுவிடும். பைப்பின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளிருந்து அரித்துவிடும். துருவைப் பற்றிச் சொல்ல வெளியூரா போக வேண்டும்? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட 'சிக்ரி' ஆய்வகம் நம் ஊரிலேயே இருக்கிறது. உலோக அரிப்பு அவர்களுடைய முக்கிய ஆராய்ச்சி.

கடைசியாக, கொஞ்சம் கசப்பான விஷயம். பம்பர் கிட்டைக் கேலி செய்கிற நாம், இறுதியாண்டில் என்ன செய்கிறோம்? நம்மில் பலர் மதுரைக்கும் திருச்சிக்கும் பஸ் ஏறி, புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, செய்து வைத்ததை வாங்கி, பெயிண்ட் அடித்து, பெயர் எழுதி வைவாவுக்கு வைக்கிறோம். அதுவும் கிட்தானே! எந்த இரும்பு, எவ்வளவு தாங்கும் என்று கேட்டால் 'ஹெவி டியூட்டி' என்று சொல்லும் பெட்டிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? வீட்டில் நகையை அடகு வைத்துப் பணம் அனுப்புகிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். தெரியாமல் செய்ததன் பலன் எனக்கு ஒரு சாண் தூரத்தில் தப்பியது. நாளைக்கு நாம் சூப்பர்வைசராகக் கையெழுத்துப் போடுகிற கிரேனிலோ பாய்லரிலோ அந்த ஒரு சாண் கிடைக்குமா?

ஆகவே பேரவைக்கும் துறைக்கும் என் பணிவான வேண்டுகோள். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின் இருக்கிறது. அதில் ஒரு மைல்டு ஸ்டீல் கம்பியை இழுத்து, ரெக்கார்டு எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். இனி ஒவ்வொருவரும் தான் வெல்டிங் பண்ணிய ஒரு துண்டை அதில் இழுத்து உடைத்துப் பார்க்க வாய்ப்புத் தாருங்கள். மார்க் வேண்டாம், உடைந்த துண்டு போதும். அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் ஓடும் மாடல்களுக்குப் பக்கத்தில் உடைந்த ஜாப்களுக்கும் ஒரு மேஜை போடுங்கள். எது, ஏன் உடைந்தது என்று ஜூனியர்கள் தொட்டுப் பார்க்கட்டும்.

முதல் ஜாப் தயார். என் ஹூக் பிளேட்டு இன்னும் ஹாஸ்டல் டிரங்குப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பேரவைச் செயலாளர் எப்போது கேட்டாலும் கொண்டு வந்து வைக்கிறேன்.

— இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை